பன்னாட்டுப் பெருந்திட்டங்களும் கரிப்புகைக் கணக்கும்



ஒரு நாடு கடன் கொடுக்கிறது. அக்கடனைக் கொண்டு மற்றொரு நாட்டில் அனல்மின் நிலையம் எழுகிறது. அந்த மின்சாரத்தால் உருவான பண்டத்தை மூன்றாவதொரு நாட்டினர் விலைக்கு வாங்கிப் பயன்படுத்துகின்றனர். அந்நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளிப்படும் கரியமில வாயுவை இம்மூவருள் யாருடைய கணக்கில் எழுதுவது?

எந்த வினைக்கும் செய்பவர், செய்விப்பவர், உடன்படுபவர் என மூவர் உண்டு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும் உலக நாடுகள் இன்று எழுதிவரும் கரிப்புகைக் கணக்கு இம்மூவருள் முதலாமவரை மட்டுமே காண்கிறது. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைவன யாவை, அதனைத் திருத்துவதற்கு நடைபெறும் முயற்சிகள் எவை என்பவற்றை இக்கட்டுரையில் முறையே காண்போம்.

1. கணக்கின் இயல்பு

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. ஒருமுறை காற்றில் கலந்தால் அதன் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கிவிடும். அது எந்த நாட்டின் எல்லைக்குள் வெளிப்பட்டது என்னும் வேறுபாடு வானத்துக்கு இல்லை.

ஆனால் கணக்கு எழுதுவோர்க்கு எல்லை உண்டு. 1992 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் காலநிலை உடன்படிக்கையின்கீழ் ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் வெளிப்பட்ட வாயுவையே தன் கணக்காகத் தருகிறது. 1997 இல் உருவான கியோட்டோ ஒப்பந்தமும் 2015 இல் உருவான பாரிஸ் ஒப்பந்தமும் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டன. இதற்குத் தக்க காரணமும் உண்டு. ஓர் அரசின் சட்டம் அதன் எல்லைக்குள்தானே செல்லும்? தன்னால் கட்டுப்படுத்தக்கூடியதற்கே ஓர் அரசு பொறுப்பேற்க இயலும் என்பது இதன் கருத்து.

எனினும் இம்முறையால் சில பகுதிகள் மறைந்து போகின்றன. கடன் கொடுத்தவர் பெயரும் பண்டம் வாங்கியவர் பெயரும் கணக்கில் இடம்பெறுவதில்லை. நாடுகளுக்கு இடையே செல்லும் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனியே குறிக்கப்படுகிறது. உலக வெளிப்பாட்டில் கப்பல்களின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 3. உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை, ஒரு நாட்டில் உற்பத்தியாகி வேறு நாட்டில் பயன்படும் பொருள்களைச் சார்ந்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆதலின் மறைந்திருக்கும் பகுதி சிறிதன்று.

2. பெருந்திட்டங்கள் எவை?

சாலை, துறைமுகம், இருப்புப்பாதை, மின் நிலையம் ஆகியவற்றைப் பிற நாடுகளில் அமைப்பதற்குக் கடன் தரும் திட்டங்கள் பல. அவற்றுள் மிகப் பெரியது சீனத்தின் 'மண்டலமும் பாதையும்' என்னும் திட்டம். நாளேடுகள் 'பெல்ட் அண்ட் ரோடு' என வழங்குவதும் இதுவே. 2013 செப்டம்பரில் கசகஸ்தான் நாட்டின் அஸ்தானா நகரில் தரைவழிப் பகுதியையும், அடுத்த மாதம் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் கடல்வழிப் பகுதியையும் சீன அதிபர் சீ சின்பிங் அறிவித்தார். பின்னர் 140 க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் ஒப்பமிட்டன. இத்தாலி 2019 இல் சேர்ந்து 2023 இல் விலகியது.

இஃது ஒரு நாட்டின் செயல் மட்டுமன்று. வங்காளதேசத்தின் மாதர்பாரியில் 1,200 மெகாவாட் நிலக்கரி நிலையம் சப்பான் நாட்டுக் கடனால் எழுந்தது. அதே நாட்டில் சுந்தரவனக் காடுகளுக்கு அருகில் உள்ள ராம்பால் என்னுமிடத்தில் 1,320 மெகாவாட் நிலையத்துக்குக் கடன் தந்தது இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி. கட்டித் தந்தது நம் நாட்டின் பெல் நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் 'உலக வாயில்' என்னும் பெயரில் 30,000 கோடி யூரோ அளவிலான திட்டமொன்றை அறிவித்தது. இந்தியாவையும் ஐரோப்பாவையும் மத்திய கிழக்கு வழியாக இணைக்கும் பாதை 2023 செப்டம்பரில் புது தில்லியில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பிறர் குறையை எண்ணுவதற்காக அன்றி, இத்திட்டங்களின் பொது இயல்பை அறிவதற்காகவே இதனை ஆராய்கிறோம்.

3. விளைவு மூவகைப்படும்

இத்தகைய திட்டங்களால் உண்டாகும் கரிப்புகையைக் கட்டும் காலத்தது, இயங்கும் காலத்தது, பின்தொடர்ந்து வருவது என மூன்றாகப் பகுத்து அறியலாம்.

(அ) கட்டும் காலத்தது: பாலத்துக்கும் அணைக்கும் துறைமுகத்துக்கும் சிமெண்டும் எஃகும் வேண்டும். சிமெண்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் இட்டுச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும். இது கல்லினுள்ளேயே இருந்த வாயு. சூளைக்கு இட்ட நிலக்கரியின் புகை இதற்குப் புறம்பானது. எரிபொருளை மாற்றினாலும் கல்லினின்று வரும் வாயு நிற்காது என்பதை இங்குக் கருதுதல் வேண்டும். உலகின் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 முதல் 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருகிறது. எனினும் இவ்வகை வெளிப்பாடு கட்டடம் முடிந்ததும் நின்றுவிடும்.

(ஆ) இயங்கும் காலத்தது: இது நில்லாது. பாகிஸ்தானில் சீனக் கூட்டுத் திட்டம் 2015 ஏப்ரலில் 4,600 கோடி டாலர் மதிப்பில் அறிவிக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் அப்போது நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டால் துன்புற்றனர், ஆலைகள் நின்றன. ஆதலின் விரைவில் மின்சாரம் தரும் வழி தேடப்பட்டது. சாகிவால், போர்ட் காசிம், ஹப் ஆகிய இடங்களில் ஒவ்வொன்றும் 1,320 மெகாவாட் திறனுள்ள மூன்று நிலக்கரி நிலையங்கள் 2017 முதல் 2019 வரை இயங்கத் தொடங்கின. மூன்றும் இறக்குமதி நிலக்கரியை நம்பி அமைக்கப்பட்டவை. சாகிவால் நிலையமோ கடற்கரையில் இல்லை; பஞ்சாபின் வேளாண் நிலங்களுக்கு நடுவே உள்ளது. கப்பலில் வந்த நிலக்கரியைக் கராச்சிப் பகுதியிலிருந்து இரயிலில் ஏற்றி நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய நிலையம் ஒன்றின் புகையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,320 மெகாவாட் என்பது 13.2 இலட்சம் கிலோவாட். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் நூற்றுக்கு 60 பங்கு இயங்குவதாகக் கொள்வோம். 5,256 மணி நேரம் ஆகும். இரண்டையும் பெருக்க ஏறத்தாழ 694 கோடி யூனிட் மின்சாரம் வரும். ஒரு யூனிட்டுக்கு 0.9 கிலோ கரியமில வாயு எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 62 இலட்சம் டன். 30 ஆண்டு இயங்கினால் 18 கோடி டன்னுக்கு மேல் ஆகிறது. பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் நன்று.

முப்பதாண்டு என நாம் கொண்டது வெறும் கற்பனையன்று. மேற்கூறிய சாகிவால், போர்ட் காசிம் நிலையங்களின் மின் கொள்முதல் ஒப்பந்தங்களே 30 ஆண்டுக் காலத்துக்கு எழுதப்பட்டவை. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கென்றே அரசு ஒரு கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் விதியும் அவற்றில் உண்டு. கடன் கொடுத்தவர்க்கு இது பாதுகாப்பு. ஆனால் நாளை இதனினும் மலிவான, தூய்மையான மின்சாரம் கிடைத்தாலும் பழைய நிலையத்துக்குப் பணம் தந்தே தீர வேண்டும். புகைபோக்கி எழும் முன்பே, அடிக்கல் நாட்டும் முன்பே, ஒப்பந்தத் தாளில் முப்பதாண்டுப் புகைக்கு இடம் செய்யப்பட்டுவிடுகிறது.

(இ) பின்தொடர்ந்து வருவது: திட்டத்தின் அறிக்கையில் காணப்படாதது இது. 2000 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் 12 நாடுகள் பிரேசிலியா நகரில் கூடிக் கண்டத்தை இணைக்கும் சாலைத் திட்டங்களை வகுத்தன. அவற்றுள் ஒன்று பிரேசிலிலிருந்து அமேசான் காடுகளின் ஊடே பெரு நாட்டின் பசிபிக் கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலை. சாலை அமைக்க வெட்டிய மரங்கள் சிலவே. ஆனால் சாலை வந்தபின் அதன் வழியே தங்கம் அகழ்வோரும் நிலம் திருத்துவோரும் பெருவின் மாத்ரே தே தியோஸ் பகுதிக்குள் பெருமளவில் புகுந்தனர், காடு அழிந்தது. அமேசானில் காடழிப்பின் பெரும்பகுதி சாலைகளை ஒட்டிய சில கிலோமீட்டர் அகலத்துக்குள்ளேயே நிகழ்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மரத்தில் சேர்ந்திருந்த கரி காற்றில் கலக்கிறது. சாலைக்கான மதிப்பீட்டில் இதற்கு இடமே இல்லை.

4. ஒரு கடன், இரு இருப்புப்பாதைகள்

இத்திட்டங்கள் யாவும் தீயன என்று கூறின் அது பிழையாகும். ஒரே கண்டத்தில், ஒரே காலத்தில், சீன ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் கடனாலேயே அமைந்த இரண்டு இருப்புப்பாதைகளை ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

முதலாவது, கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து தலைநகர் நைரோபிக்குச் செல்வது. ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளமுடைய இது 2017 மே 31 அன்று திறக்கப்பட்டது. இதில் ஓடுவன டீசல் எஞ்சின்கள். இரண்டாவது, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்து சிபூத்தித் துறைமுகத்துக்குச் செல்வது. ஏறத்தாழ 750 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் எத்தியோப்பியாவில் திறப்பு விழா கண்டு 2018 சனவரியில் வணிகப் போக்குவரத்தைத் தொடங்கியது. இது முழுதும் மின்மயமானது. எத்தியோப்பியாவின் மின்சாரமோ பெரிதும் நீர்மின் நிலையங்களினின்று கிடைப்பது. ஆதலின் அப்பாதையில் செல்லும் சரக்குக்குக் கரிப்புகை மிகக் குறைவு.

கென்யாவிடம் தூய மின்சாரம் இல்லையோ எனில், அவ்வாறன்று. அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலத்தடி வெப்ப நீராவி, நீர், காற்று ஆகியவற்றால் கிடைப்பதே. 2019 இல் அப்பாதை நைவாசாப் பகுதி வரை நீட்டிக்கப்பட்டது. புகழ்பெற்ற ஒல்காரியா நீராவி மின் நிலையங்கள் உள்ள பகுதி அது. தூய மின்சாரம் பிறக்கும் இடத்துக்கே டீசல் புகையோடு வண்டி சென்று சேர்கிறது. லாரியில் செல்வதினும் இரயிலில் செல்லும் சரக்குக்கு எரிபொருள் குறைவு என்பது உண்மையே; எனினும் தொடக்கத்திலேயே மின் கம்பியையும் திட்டத்தில் சேர்த்திருந்தால் பயன் மிகுந்திருக்கும். இரு பாதைகளுக்கும் கடன் தந்தவர் ஒருவரே. வேறுபாட்டை உண்டாக்கியது தொடக்கத்தில் செய்யப்பட்ட தேர்வு.

5. வாணிபம் கூட்டுமா, குறைக்குமா?

வட அமெரிக்க வாணிப ஒப்பந்தம் பற்றி 1991 இல் ஆராய்ந்த பொருளியலறிஞர் சீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் வாணிபம் சுற்றுச்சூழலைத் தாக்கும் வழிகளை மூன்றாக வகுத்தனர். உற்பத்தி பெருகுவதால் வரும் மாற்றம் அளவின் விளைவு. எத்தொழில் எந்நாட்டுக்குப் பெயர்கிறது என்பதால் வருவது அமைப்பின் விளைவு. புதிய கருவிகள் பரவுவதால் வருவது நுட்பத்தின் விளைவு. முதலாவது புகையைக் கூட்டும், மூன்றாவது குறைக்கும், இரண்டாவது இருபக்கமும் சாயும்.

முதல் இரண்டுக்கும் இந்தோனேசியாவின் நிக்கல் தொழில் எடுத்துக்காட்டு. 2020 சனவரியில் அந்நாடு நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. உள்நாட்டிலேயே உருக்கி விற்றால் மக்களுக்கு வேலையும் வருவாயும் கிடைக்கும் என்பது அதன் நோக்கம். சுலவேசித் தீவின் மொரோவாலி போன்ற இடங்களில் சீன முதலீட்டால் உருக்காலைகள் பெருகின. உலக நிக்கல் உற்பத்தியில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவினது. ஆனால் அவ்வாலைகள் தமக்கென்றே தனி நிலக்கரி மின் நிலையங்களை வைத்துள்ளன. அந்த நிக்கல் மின்வண்டிகளின் மின்கலத்துக்கும், நாம் எவர்சில்வர் என வழங்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் செல்கிறது. ஓரிடத்தில் புகையில்லா வண்டி ஓடுகிறது; அதற்குரிய புகையின் ஒரு பகுதி வேறோர் தீவின் கணக்கில் ஏறுகிறது.

மூன்றாவதற்கு எடுத்துக்காட்டு மேலே கண்ட பாகிஸ்தானே. நிலக்கரி நிலையங்களுக்குரிய நிலைக்கட்டணம் முதலான காரணங்களால் அங்கு மின்விலை ஏறியது. அதே காலத்தில் சீனத்தில் சூரியத் தகடுகளின் விலை பெரிதும் வீழ்ந்தது. அரசின் பெருந்திட்டம் எதுவுமின்றியே வீட்டாரும் உழவரும் ஆலைக்காரரும் தகடுகளை வாங்கிக் கூரைமேல் பொருத்தினர். 2024 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவாட் திறனுள்ள தகடுகள் அந்நாட்டில் இறக்குமதியாயின. இது மேற்கூறிய நிலக்கரி நிலையங்கள் பன்னிரண்டின் நிறுவு திறனுக்கும் மேற்பட்டது. பகலில் மட்டுமே ஒளி உண்டாதலின் உற்பத்தி அந்த அளவுக்கு இராது. எனினும் மாற்றம் பெரிது.

இதிலும் ஒரு துயரம் உண்டு. வசதியுள்ளோர் தகடு பொருத்திக்கொண்டு மின்வாரியத்தை விட்டு விலகும்போது, பழைய ஒப்பந்தங்களின் நிலைக்கட்டணச் சுமை தகடு வாங்க இயலாத ஏழைகளின் மின்கட்டணத்தில் மிகுதியாக ஏறுகிறது. ஒப்பமிட்டவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்னும் நிலை இங்கும் காணப்படுகிறது.

6. பொறுப்பை உணரத் தொடங்கிய காலம்

செய்விப்பவர்க்கும் பங்கு உண்டு என்னும் எண்ணம் அண்மையில் வலுப்பெற்றுள்ளது. 2019 சூனில் கென்யாவின் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம், லாமு கடற்கரையில் அமையவிருந்த 1,050 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் உரிமத்தை நீக்கியது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பது அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2020 டிசம்பரில் பாகிஸ்தான் புதிய நிலக்கரி மின்சாரம் வேண்டாம் என அறிவித்தது. 2021 சூனில் வங்காளதேசம் 10 நிலக்கரித் திட்டங்களைக் கைவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தென் கொரியாவும், பின்னர்ச் சப்பானை உள்ளடக்கிய ஏழு நாடுகள் குழுவும் வெளிநாட்டு நிலக்கரி நிலையங்களுக்கு அரசுக் கடனை நிறுத்துவதாக உறுதி கூறின. செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில், வெளிநாடுகளில் புதிய நிலக்கரி மின் திட்டங்களைக் கட்டமாட்டோம் எனச் சீன அதிபர் அறிவித்தார்.

எனினும் முன்பே தொடங்கிய பணிகள் பல தொடர்ந்தன. இந்தோனேசிய உருக்காலைகளின் தனி நிலையங்களும் நிற்கவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இன்னும் தொலைவு உண்டு.

வாங்குபவரைக் கணக்கில் சேர்க்கும் முயற்சியாக ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் கரிவரி முறையைக் கொண்டுவந்தது. சிமெண்டு, இரும்பும் எஃகும், அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன் ஆகிய ஆறும் இதனுள் அடங்கும். 2023 அக்டோபர் முதல் விவரம் தருதல் மட்டும் கட்டாயமாக இருந்தது. 2026 சனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பும் தொடங்கியது. பொருளை உருவாக்கும்போது வெளிப்பட்ட வாயுவுக்கு ஏற்பக் கட்டணம் அமைவதால், தூய முறையில் உற்பத்தி செய்பவர்க்கு இது ஊக்கமாகும். ஆனால் இந்தியா உள்ளிட்ட நாடுகள் இதனை ஏற்கவில்லை. இரு நூற்றாண்டுகளாகப் புகைவிட்டுச் செல்வம் சேர்த்த நாடுகள், இப்போது வளரத் தொடங்கும் நாடுகளின் பண்டத்துக்கு வரி விதித்து அப்பணத்தைத் தாமே வைத்துக்கொள்வது முறையாகுமா என்பது அவற்றின் வினா. அவ்வினாவில் நியாயம் உண்டு. அவ்வரியில் ஒரு பகுதியேனும் ஏழை நாடுகளின் தூய தொழிலுக்குச் செல்லுமாயின் குறை பெரிதும் நீங்கும்.

தமிழர் வாழும் நிலத்திலும் இம்மாற்றத்துக்கு ஒரு சான்று உண்டு. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைப்பதாக இருந்தது. 2016 இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் இருநாட்டுக் கூட்டு முயற்சியாகவே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இடமும் நாடுகளும் மாறவில்லை, தேர்வு மாறியது.

7. தொகுப்புரை

இதுகாறும் கண்டவற்றால் தெளிவது யாதெனில், பன்னாட்டுத் திட்டம் நன்மை தருமா தீமை தருமா என்பது அதன் பெயரிலோ கடன் தரும் நாட்டின் பெயரிலோ இல்லை. அடிக்கல்லுக்கு முன் எழுதப்படும் ஒப்பந்தத்தில் உள்ளது. எந்த எரிபொருள், எத்தனை ஆண்டு, யார் சுமப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு அங்கே விடை எழுதப்படுகிறது. அதன்பின் திருத்துவது அரிது. திருத்தினாலும் விலை மிகுதி. ஆதலின் ஒப்பமிடும் முன்னரே அவ்விடையை மக்கள் அறிதலும் கேட்டலும் வேண்டும். லாமுவில் அவ்வாறு கேட்டவர்களால்தான் ஒரு புகைபோக்கி எழாமல் நின்றது.

உடன்படுபவர் வரிசையில் வாங்கும் நாமும் நிற்கிறோம். நம் வங்கிகளும் தொழிலகங்களும் அண்டை நாடுகளில் கட்டுவதை அறிந்திருப்பதும், கைக்கு வரும் பண்டம் எவ்வழி வந்தது என்று வினவுவதும், தேவைக்கு மிஞ்சியதை வாங்காதிருப்பதும் நம்மால் இயலும் செயல்கள். புகை வேறு நாட்டில் எழுந்தது என்பதால் நம் பங்கு இல்லையென்று ஆகிவிடாது.

இல்லத்தில் பிள்ளைகளுடன் சிந்திப்பதற்கு:

1. நாடுகளின் கரிப்புகைக் கணக்கில் கப்பல்களின் புகை ஏன் சேர்வதில்லை?
2. எரிபொருளை மாற்றினாலும் சிமெண்டுச் சூளையில் கரியமில வாயு நிற்காதது ஏன்?
3. கென்யா, எத்தியோப்பியா இருப்புப்பாதைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது? அது எப்போது முடிவாயிற்று?
4. நம் சமையலறைப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குச் செய்பவர், செய்விப்பவர், உடன்படுபவர் யாவர் எனக் கூறுக.